சொந்தமா என்று கேட்டார்கள்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த டைரியில் ஜூலை 31 வரை சின்னவள் பால் குடித்த நேரம் எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதச் சொன்னாள். காலை ஆறு மணி, இருபது மில்லி. ஏழரை, பதினைந்து மில்லி, பாதி கக்கிவிட்டாள். அப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. கடைசியில் இரவு ஒன்பது, குடிக்கவில்லை. அதற்கு மேல் வெறும் தாள்.

எழுதிப் பழகின கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆறு மணிக்கும் ஏழரைக்கும் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். அதனால் எதையாவது எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்.

டைரியே தப்பான டைரிதான். சிவகாசியில் நான் வேலை பார்க்கிற பைண்டிங் கம்பெனியில் தள்ளிவிட்டது. செப்டம்பர் 15 முதல் 30 வரையுள்ள பக்கக் கட்டு, பாரம் என்போம், இரண்டு தடவை சேர்ந்து, அக்டோபர் 1 முதல் 16 வரையுள்ள பாரம் விட்டுப்போயிருக்கிறது. அட்டை போட்ட பிறகுதான் தெரிந்தது. அதைப் பார்த்துப் பிடிக்க வேண்டியவள் நான். அப்போது சின்னவள் வயிற்றில் இருந்தாள். கண் சொருகிக்கொண்டே வேலை பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலைக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து மேசை அக்கா மட்டும் டிபன் டப்பாவைத் திறந்து பாதி இட்லியை என் மூடியில் வைத்தாள்.

அடுத்த வருஷத்து டைரி ஓடிக்கொண்டிருக்கிறது. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். எல்லாப் பாரமும் அடுக்கின பிறகு முதுகைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் இருக்கும். வரிசை சரியாக இருந்தால் கட்டங்கள் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒன்று விட்டுப்போனால் படி உடையும். அதைப் பார்ப்பதுதான் என் வேலை. இன்றைக்கு ஆயிரத்துக்கு மேல் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மார்பில் இன்னும் பால் கட்டுகிறது. வற்றட்டும் என்று மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அத்தை கல்யாண நாள் குறித்துவிட்டார்கள். ஐப்பசி 27. நாகஜோதிக்கும் என் தம்பி ஜெயபாண்டிக்கும்.

அத்தை என்றால் எனக்கு மாமியாரும் அவர்கள்தான், அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சியும் அவர்கள்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பதினாறு, தம்பிக்குப் பன்னிரண்டு. "எங்கண்ணன் பிள்ளைக ரெண்டையும் ஒருத்தருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்" என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். என்னைத் தன் மகன் சோலைராஜுக்குக் கட்டி வைத்தார்கள். தம்பிக்குத் தன் மகள் நாகஜோதி என்று அன்றைக்கே பேச்சு. அத்தை போட்ட சோறுதான் இந்த உடம்பு. இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"துக்கம் நடந்த வீடு. ஒரு நல்லது நடந்தாத்தான் வீடு தெளியும்" என்றார்கள் அத்தை.

தம்பி சாப்பிட வந்திருந்தான். நாகஜோதி ரசம் ஊற்றினாள். "உப்பு இல்லயே" என்றான். "எங்கம்மா வச்சது. அவககிட்டயே சொல்லுங்க மச்சான்" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டு குடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஜூலையில் சின்னவளிடம் எடுத்த ரத்தத்துக்கு இப்போதுதான் ரிசல்ட் வந்திருக்கிறதாம். என்னையும் வீட்டுக்காரரையும் வரச் சொன்னார்கள். பிள்ளை இல்லை என்றேன். தெரியும்மா, அதனால்தான் வரச் சொல்கிறோம் என்றார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

போய் வந்தோம். அத்தை வரவில்லை. சின்னவளை எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதும் அத்தை வந்ததில்லை. ஆனால் வீட்டில் அவளுக்குச் சளி அடைத்தால் கையில் குப்புறப் போட்டு, கழுத்துக்கு இரண்டு விரலை முட்டுக் கொடுத்து, முதுகைத் தட்டி எடுக்க அத்தைக்குத்தான் வரும். நர்ஸ்கூட அப்படிச் செய்யவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

பெனிட்டா மேடம் என்று ஒருவர். சின்ன வயதுதான். டாக்டரா என்று கேட்டேன். டாக்டர் இல்லை, பரம்பரையாக வருகிற வியாதியைக் குடும்பத்துக்குப் புரியவைப்பது என் வேலை என்றார்.

நோயின் பெயர் எஸ்.எம்.ஏ. சதைக்குச் சேதி சொல்கிற நரம்பு வாடிப்போகிற நோய். அதனால்தான் கழுத்து நிற்கவில்லை, கால் அசையவில்லை, பால் விழுங்க முடியவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லையாம். அது எனக்கே தெரியும். கொலுசுச் சத்தம் கேட்டால் கண்ணை மட்டும் திருப்பி என்னைத் தேடுவாள்.

"பெரியவனுக்கும் இப்படித்தானேம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். ஏழு மாசம் இருந்தான். நிமோனியான்னு சொன்னாக."

மேடம் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். உடம்பில் எல்லாக் குறிப்பும் இரண்டு பிரதி இருக்கும். ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து.

"எங்க பாரம் மாதிரியா மேடம்? ஒண்ணு கிழிஞ்சிருந்தாலும் இன்னொண்ணு நல்லதா இருந்தா புஸ்தகம் தேறிரும்."

"அதேதாம்மா. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுதுன்னு இருக்கலாம். அதனால உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் இருப்பீங்க."

"ரெண்டும் பழுதா போய்ச் சேந்தா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் நோய் வரும் என்றார் மேடம். அவர் எழுந்து ரத்தம் கொடுக்கிற அறைக்குப் போய்விட்டார்.

பிறகு மேடம் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தைப் படமாகப் போட்டார். ஆணுக்குச் சதுரம். பெண்ணுக்கு வட்டம். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே ஒரு கோடு. சொந்தத்தில் முடித்திருந்தால் இரட்டைக் கோடு. இறந்தவர்கள் மேல் சாய்வாக ஒரு கோடு. என் அடியில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் போட்டு, இரண்டின் மேலும் கோடு இழுத்தார். பேனா ஒரு சத்தம் போட்டது.

"வேற யாருக்காவது கைக்குழந்தை தவறியிருக்கா, அம்மா வழியில, அத்தை வழியில?"

இல்லை என்றேன்.

"இந்த ரெண்டு வீட்டுக்குள்ள இன்னும் யாருக்காவது கல்யாணம் பேசியிருக்கீங்களா?"

இல்லை என்றேன். வாய் முந்திக்கொண்டது.

சின்னவளைச் சுமந்தபோது வேறொரு ஆஸ்பத்திரியில் போட்ட கார்டைக் கொண்டுபோயிருந்தேன். மேடம் பிரித்துப் பார்த்தார். "இதுல சொந்தம் இல்லைன்னு போட்டிருக்கே?" என்றார். அந்த நர்ஸ் பிள்ளை அவசரத்தில் மாற்றி எழுதியிருக்கும் என்றேன். மேடம் அந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு கார்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி

வெண்டைக்காய் அடிப்பிடித்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

நாகஜோதிக்கு முகூர்த்தப் பட்டு எடுத்தாயிற்று. அரக்கு நிறம். அவள் என் தோளில் போட்டுப் பார்த்தாள். "மதினி, ஒங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்றாள். பொய். ஆனால் அவள் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. சின்னவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க அவள் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளை மாதிரி காட்டிக்கொண்டு போவாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

எங்கள் ரிப்போர்ட் போனில் வந்தது. அவருக்கும் உண்டு. எனக்கும் உண்டு.

எனக்கு அப்பா வழியில் வந்திருக்கலாம், அவருக்கு அத்தை வழியில் வந்திருக்கலாம் என்றார் மேடம். இனிமேல் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மறுபடி உண்டானால் பதினோரு வாரத்தில் வாருங்கள், வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்ல முடியும் என்றார். பார்த்துச் சொன்ன பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அத்தையிடம் என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் ஒரு காரணம். ஆண்டவன் கணக்கு வேற" என்று புடைத்துக்கொண்டே இருந்தார்கள். கல் எல்லாம் போன பிறகும் புடைத்தார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. அவரே தன் பிரஸ்ஸில் ஓட்டினார். மெஷின்மேன் வீட்டுக் கல்யாணம் என்று முதலாளி நல்ல அட்டை கொடுத்தாராம். இரண்டு பேர் பெயரும் தங்க மையில் இருக்கிறது. நடுவில் ஒரு குத்துவிளக்கு.

எனக்கு அந்த விளக்கு தெரியவில்லை. சதுரமும் வட்டமும் நடுவில் இரட்டைக் கோடுமாகத்தான் தெரிந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் போடவில்லை.

அக்டோபர் 1, புதன்

இந்தத் தேதிக்குப் பக்கம் இல்லை. இரண்டாவது தடவை வருகிற செப்டம்பர் பக்கத்தில் தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆயுத பூஜை. கம்பெனியில் கட்டிங் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பொரிகடலை பொட்டலத்தோடு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். நாகஜோதி அலமாரியை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள். கையில் தொட்டில் சேலை. பெரியவனையும் சின்னவளையும் போட்ட அதே பச்சைச் சேலை.

"மதினி, இதை யாருக்கும் குடுத்துறாதீங்க" என்றாள்.

"எதுக்குடி?"

"எதுக்குன்னா? எனக்குத்தான் வேணும்" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். எழுதிவிட வேண்டியதுதான்.

நர்ஸ் பிள்ளை மேல் பழி போட்டேன். அவள் சரியாகத்தான் எழுதினாள். நான் சொன்னதை எழுதினாள்.

பெரியவனை ஒரு டாக்டரிடம் காட்டினோம். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். "சொந்தத்துலயே கட்டிக்கிட வேண்டியது. அப்புறம் நொண்டியும் மூளியுமா பெத்துக்கிட்டு எங்க உயிர எடுக்க வேண்டியது" என்று அந்த டாக்டர் கத்தினார். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் பெரிய மெஷினை ஓட்டுகிறவர். முதலாளி முன்னால்கூட நிமிர்ந்து நின்று பேசுவார். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டு நின்றார்.

சின்னவள் உண்டானபோது வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கார்டு போடுகிற நர்ஸ் கேட்டாள், "சொந்தமா, அசலா?"

அசல் என்றேன்.

"மொதப் பிள்ளை எப்பிடித் தவறுச்சு?"

காய்ச்சலில் போய்விட்டது என்றேன்.

அவள் டிக் அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை. எவ்வளவு லேசாக இருந்தது. வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்.

அக்டோபர் 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கோழிக்குழம்பு வைத்திருந்தது. தம்பி வந்திருந்தான். ஐந்து பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாகஜோதியும் தம்பியும் கல்யாணத்துக்கு முன்னால் மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிறது என்றால் கூடப்பிறந்த அவர்களுக்கும் இருக்கலாம் என்றேன்.

அத்தை கையை இலையிலேயே உதறினார்கள்.

"கல்யாணப் பொண்ணுக்கு ஊசி குத்தி, பழுதா நல்லதான்னு சீட்டு வாங்கிட்டு வரணுமோ? கோழியா பிடிக்கோம், றெக்கையத் தூக்கிப் பாத்துப் பிடிக்கதுக்கு?"

"அத்தே, அவ நல்லதுக்குத்தான்..."

"ஒன் வயித்துல தங்கலன்னா எம்மக வயித்தையும் ஏன் இழுக்க?"

நாகஜோதி, "எம்மா!" என்றாள். அதற்குள் தம்பி, "பத்திரிக குடுத்தாச்சுக்கா. ஊரு சிரிக்கும். நாங்க நல்லா இருந்தா ஒனக்கு என்ன வயித்தெரிச்சல்?" என்றான்.

நான் வளர்த்த பிள்ளை. அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பின கை இது.

"வயித்தெரிச்சல்தான்" என்றேன். "ரெண்டு தடவ எரிஞ்ச வயிறுடா. அதான் சொல்றேன்."

பிறகு கார்டு விஷயத்தைச் சொன்னேன். அசல் என்று சொன்னது நான்தான், காய்ச்சல் என்று சொன்னதும் நான்தான், உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே யாராவது கேட்டிருப்பார்கள் என்றேன். மதுரையிலும் இந்தக் கல்யாணத்தை மறைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

அவர் மட்டும் கேட்டார்.

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"வண்டி நிப்பாட்டப் போயிருந்தீங்க."

அவர் எழுந்து கையைக் கழுவினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

பேசவில்லை. டிபன் டப்பாவை எடுக்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

சாயங்காலம் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். கரித்துணியை எடுத்து ஒரு சட்டியைத் தேய்த்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லல" என்றார்கள்.

"என்னத்தே?"

"சோலைராஜுக்கு முன்னால எனக்கு ஒண்ணு பெறந்துச்சு. பொட்டப்பிள்ள."

குழாயை மூடினேன்.

"கழுத்து நிக்கல. அழுதா பூனக்குட்டி கத்துன மாதிரிதான் கேக்கும். நாலு மாசம் இருந்துச்சு. போய்ச் சேந்த ஒங்க மாமாவும் எனக்குச் சொந்தந்தான. எம்மாமியா அந்தப் பேச்சையே எடுக்கப்படாதுன்னுட்டா. எடுத்தா அடுத்ததும் தங்காதுன்னா. முப்பத்திமூணு வருசம் ஆச்சு. சோலைராஜுக்கே தெரியாது."

அந்த இரண்டு விரல் ஞாபகம் வந்தது. சின்னவள் கழுத்துக்கு முட்டுக் கொடுத்த விரல்.

"எங்க பெரியவன் கழுத்து தொங்குனப்பவே ஒங்களுக்குத் தெரியுமா அத்தே?"

அத்தை சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். "தெரியும்" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கையில் இருந்த தேக்சாவைக் கீழே போட்டேன். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. எழுந்து போய் எடுத்து வந்து மறுபடி தேய்த்தேன். வேறு என்ன செய்ய. நான் அசல் என்று சொன்னேன். அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

எழுந்து போகும்போது அத்தை, "வியாழக்கிழம கூட்டிட்டுப் போ ரெண்டு பேரையும். நானும் வாரேன்" என்றார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

ஐந்து பேரும் போனோம். அவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பேசவில்லை. தம்பி முன் சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

சீட்டு போடுகிற இடத்தில் பெரிய வரிசை. நாகஜோதியைப் பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள். "கல்யாணம் பேசியிருக்குன்னு சொல்றீங்க. மாப்பிள்ளை சொந்தமா?" என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு வெட்கம். பின்னால் அத்தனை பேர்.

"சொந்தம்" என்றேன் நான். குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. "எங்க அத்தை மக இவ. மாப்பிள்ளை என் தம்பி. நானும் சொந்தத்துலதான் கட்டினேன். எனக்கு ரெண்டு பிள்ளை. ரெண்டும் கழுத்து நிக்காமத்தான் போச்சு. இந்தா நிக்காகளே எங்க அத்தை, இவகளுக்கு ஒண்ணு. மொத்தம் மூணு. எல்லாத்தையும் எழுதிக்கோங்க."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் "மூணா?" என்றார். தன் அம்மாவைப் பார்த்தார். அத்தை தலையைக் குனியவில்லை. "ஆமாய்யா. ஒனக்கு ஒரு அக்கா இருந்தா" என்றார்கள்.

கம்ப்யூட்டரில் இருந்த பையன் தட்டிக்கொண்டே, "ஏழாம் நம்பர் ரூம்" என்றான். யாரும் திட்டவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண், தூங்குகிற பிள்ளையோடு நின்றாள். என் முந்தானையைத் தொட்டு, "எங்களுதும் சொந்தந்தாம்மா. ஏழாம் நம்பர் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள்.

பெனிட்டா மேடம் பழைய படத்தை எடுத்தார். நான் மறைத்ததை எல்லாம் சொன்னேன். கோபப்படவில்லை. தம்பியின் சதுரத்துக்கும் நாகஜோதியின் வட்டத்துக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டார். அத்தைக்குக் கீழே ஒரு வட்டம் போட்டு, அதன் மேல் சாய்வுக் கோடு இழுத்தார். நாகஜோதி குனிந்து பார்த்தாள்.

எல்லோரும் ரத்தம் கொடுக்கப் போன பிறகு நான் மேடத்திடம் கேட்டேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் சின்னவள் விஷயத்தில் முன்னாலேயே தெரிந்திருக்குமா?

"சொல்லியிருந்தா கேள்வி கேட்டிருப்பாங்கம்மா. சோதனைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பாமலும் விட்டிருக்கலாம். எனக்குத் தெரியல" என்றார்.

தெரிந்திருக்காது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரே வெடிக்கிறது. எங்கள் வீட்டில் எண்ணெய் மட்டும் தேய்த்துக் குளித்தோம். சின்னவள் இருந்திருந்தால் சத்தம் வருகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட்டியிருப்பாள்.

அக்டோபர் 31, வெள்ளி

நாகஜோதிக்கு இருக்கிறது. தம்பிக்கு இல்லை. ஐந்து பேரும் மதுரைக்குப் போய்க் கேட்டோம்.

ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு இந்த நோய் வருவதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு, பயப்பட வேண்டாம், ஆனால் உண்டானவுடன் வந்து சொல்ல வேண்டும் என்றார் மேடம். நாகஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். சுவரில் சாமி படம் ஒன்றும் இல்லை. தடுப்பூசி அட்டவணைதான் இருந்தது.

ஒரே அப்பா, ஒரே அம்மா. எனக்கு வந்தது அவனுக்கு வரவில்லை. சந்தோஷம்தான். சந்தோஷம்தான் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

வெளியே தம்பி நின்றான்.

"அக்கா, அன்னைக்கு வாய் தவறிப் பேசிட்டேன்."

"பேசுனது பேசுனதுதான். போய் டீ வாங்கிட்டு வா. சீனி கம்மியா."

அவன் ஓடினான். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வண்டிய அப்பறமா நிப்பாட்டிக்கிறேன்" என்றார். "மொதல்ல ஒங்கூட உள்ள வாரேன்."

இருபத்தைந்து நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினது அதுதான்.

நவம்பர் 13, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எழுத நேரம் இப்போதுதான் கிடைத்தது. சாயங்கால வெயில் இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட வேண்டும். மற்ற இரண்டும் அவனுடைய அக்கா போட வேண்டும். நான் மேடைக்குப் போகாமல் பந்தி பக்கமே நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை தங்காதவள் கையால் எதற்கு என்று இரண்டு பேர் பேசினது காதில் விழுந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேளம் வேகமாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. அத்தை மேடையில் இருந்தே, "ஏ முனீஸ்வரி! அங்க என்ன சாம்பாரா கிண்டுத? வா இங்கிட்டு!" என்று கத்தினார்கள். மண்டபமே கேட்டது. ஓடினேன்.

நாகஜோதி கூந்தலை ஒதுக்கிக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். நூல் கட்டிப் பழகின விரல்தான், முடிச்சு சரியாக விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பூவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

"அந்தப் படத்துல என் பிள்ளையவும் போட்டிருக்காகளாமே. ஜோதி சொன்னா."

"ஆமாத்தே. ஒரு வட்டம்."

"பேரு போட்டாகளா?"

"பேரெல்லாம் போடல. யாருக்குமே போடல. வட்டமும் கோடுந்தான்."

"பேரு வச்சிருந்தோம்" என்றார்கள். பிறகு, "நீ தெனமும் எழுதுறேல, அந்த டைரில எழுது" என்றார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். என் பிள்ளைகள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பெரியவன், சின்னவள் என்றே எழுதி வந்திருக்கிறேன்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாது. ஆனால் மூன்று எழுதுகிறேனா என்று விரலை வைத்துப் பார்க்கிறார்கள்.

செண்பகவல்லி.

முகிலேஷ்.

யாழிசை.